ஒரே குழாயில் புதுசும் பழசும்

மூணு கட்டை டார்ச்சில் வெளிச்சம் மங்கினால் நம் ஊரில் முதலில் செய்வது, கட்டைகளை உருவி வெயிலில் காயவைப்பது. அதற்கும் மசியவில்லை என்றால் பெட்டிக்கடையில் ஒரே ஒரு புதுக் கட்டை வாங்கி, பழையதில் 'கொஞ்சம் தெம்பா' இருக்கிற இரண்டோடு சேர்த்துப் போடுவார்கள். வெளிச்சம் வந்துவிடும். மூன்றையும் ஒரேயடியாக மாற்றுவது வீண்செலவு என்பது பல தலைமுறையாக ஊறிய கணக்கு. வெயிலில் வைப்பதுகூட முழு மூடநம்பிக்கை இல்லை. சூடு ஏறினால் உள்ளே அயனிகள் கொஞ்சம் வேகமாக நகரும், உள்மின்தடை குறையும், செத்த கட்டை சில நிமிடங்கள் கண் திறக்கும். புதுசையும் பழசையும் கலந்ததால் யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகிவிடவில்லை. மிஞ்சிப்போனால், பல மாதம் மறந்துபோன டார்ச்சைத் திறக்கும்போது கட்டை கசிந்து, உப்புப் பூத்து, ஸ்பிரிங் துருப்பிடித்துக் கிடக்கும்.

அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றியது கட்டையின் மந்த குணம். துத்தநாகக் கட்டைக்குள் இருப்பது தண்ணீர் கலந்த பசை. அதன் உள்மின்தடை அதிகம். கேட்ட வேகத்தில் மின்சாரம் கொடுக்காது. கெட்டுப்போனால் ஊறி வழியும், அவ்வளவுதான். லித்தியம் செல்லில் தண்ணீருக்கு இடமே கிடையாது. லித்தியம் தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால், அங்கே மின்பகுளியாக இருப்பது சுலபமாகத் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். உள்மின்தடை குறைவு, கேட்டால் உடனே அள்ளிக் கொடுக்கும். கட்டை மாறிவிட்டது, கலந்து போடும் கை மாறவில்லை. இந்த அத்தியாயம் அந்த இடைவெளியைப் பற்றியது.

டார்ச்சின் வடிவமும் மாறவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவர் கண்டுபிடித்த கை விளக்குக்கு 1899 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஒரு குழாய், அதற்குள் முன்னும் பின்னுமாக வரிசையாக டி அளவு செல்கள், முனையில் பல்பு. அந்தக் காப்புரிமையை வாங்கிய கான்ராட் ஹூபர்ட்டின் நிறுவனம்தான் பிற்பாடு எவரெடி என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. ஒன்றின் தலை அடுத்ததன் வாலைத் தொடும் இந்த ஏற்பாட்டுக்குத் தொடரிணைப்பு என்று பெயர். வோல்ட்டுகள் கூடிக்கொண்டே போகும். ஒன்றரையும் ஒன்றரையும் மூன்று. ஆனால் மின்னோட்டம் கூடாது, பிரியாது. முதல் செல்லில் ஓடுகிற அதே ஆம்பியர்தான் கடைசிச் செல்லிலும் ஓடியாகவேண்டும். 'எனக்குத் தெம்பில்லை, நான் பாதிதான் தருவேன்' என்று எந்தச் செல்லும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இனி வரும் அத்தனை சிக்கலுக்கும் வேர் இந்த ஒரு விதிதான்.

லித்தியம் டார்ச்சுக்குள் வந்த கதை கேமரா வழியாக வந்தது. லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் சேர்ந்த மூன்று வோல்ட் செல்லை 1970-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சான்யோ. பிலிமைத் தானாகச் சுற்றி, பிளாஷையும் சட்டென்று ஏற்றிக்கொள்ளும் தானியங்கி கேமராக்களுக்கு இந்தக் குடும்பத்தின் சிஆர்123ஏ கச்சிதமாகப் பொருந்தியது. சின்ன உடம்பு, பெரிய சக்தி, வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் கெடாது. அமெரிக்கப் போலீஸ்காரர்களுக்கு டார்ச் செய்தவர்கள் இதைக் கவனித்தார்கள். சூர்ஃபயர் 6பி போன்ற உள்ளங்கை விளக்குகள் இரண்டு சிஆர்123ஏ செல்களை வரிசையாகப் போட்டு, ஒரு மணி நேரம் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் தந்தன. இரண்டு செல், ஆறு வோல்ட். இந்த ஜோடிதான் நம் பாடம்.

அந்தச் செல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். விட்டம் 17 மி.மீ., உயரம் 34.5 மி.மீ., எடை சுமார் 17 கிராம். நேர்முனை மூடியின் கழுத்தோரம் குட்டித் துளைகள் தெரியும். உள்ளே அழுத்தம் ஏறினால் வாயு வெளியேறுவதற்கான வழி அது. மூடிக்கு அடியில் ஒரு சன்ன வளையம்: சூடானால் தன் மின்தடையைப் பல மடங்கு ஏற்றிக்கொண்டு மின்னோட்டத்தை நெரிக்கிற பாதுகாப்பான். பிடிசி என்பார்கள். அதற்கும் கீழே, வெள்ளி நிறத்தில் லித்தியம் தகடு, கறுத்த மாங்கனீசு டை ஆக்சைடு பட்டை, இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவே நுண்துளைப் பிளாஸ்டிக் தாள், எல்லாம் இறுக்கமாகச் சுருட்டி, கரைப்பானில் ஊறிக் கிடக்கும். (இதைத் தெரிந்துகொள்ள யாரும் செல்லை அறுத்துப் பார்க்கவேண்டாம். காற்றின் ஈரப்பதமே அந்தத் தகட்டுக்கு எதிரி.)

இப்போது ஒரு கணக்கு. புதுச் செல்லின் கொள்ளளவு 1500 மில்லி ஆம்பியர்-மணி. மேசை இழுப்பறையில் கிடந்த பழையதில் மிச்சம் 500. இரண்டையும் போட்டு டார்ச்சை ஏற்றுகிறோம். அது இழுப்பது 1 ஆம்பியர். முப்பது நிமிடத்தில் பழசு காலி. புதுசில் இன்னும் 1000 இருக்கிறது. டார்ச் அணையவில்லை. காலியான செல் வழியாகவும் அதே மின்னோட்டம் போயாகவேண்டும், புதுசு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பழசின் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கி, அதற்கும் கீழே போய், துருவம் புரண்டுவிடுகிறது. இதுவரை சக்தி கொடுத்துக்கொண்டிருந்த செல் இந்த நொடியிலிருந்து சக்தியை வாங்குகிற பொருளாகிவிடும். வாங்கிய சக்தியை வைத்து வெளிச்சம் தர அதற்குத் தெரியாது, சூடாகத்தான் தெரியும்.

பழைய இழை பல்பாக இருந்தால் இந்தக் கட்டத்தில் வெளிச்சம் மஞ்சளாகிச் சோர்ந்துவிடும். பார்ப்பவருக்கு அது தெளிவான எச்சரிக்கை. எல்இடி வந்தபிறகு அந்த எச்சரிக்கையை நாமே பிடுங்கிப் போட்டுவிட்டோம். நல்ல டார்ச் என்றால் கடைசிவரை ஒரே அளவு வெளிச்சம் தரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதற்காக உள்ளே ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. செல்லின் வோல்ட் இறங்க இறங்க, ஆம்பியரைக் கூட்டி இழுத்து அது சரிக்கட்டும். ஆறு வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுத்த சுற்று, மூன்று வோல்ட்டுக்கு வந்ததும் 2 ஆம்பியர் கேட்கும். அதாவது ஒரு செல் செத்துப்போன அதே வேளையில் அதன் வழியே ஓடும் மின்னோட்டம் இரட்டிக்கும். வெளியே வெளிச்சத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. எல்லா டார்ச்சும் இப்படி இல்லை. குறைந்தபட்ச வோல்ட்டில் அணைந்துவிடும் சுற்றுகள் உண்டு. ஆனால் 'ஒரு செல்லிலும் ஓடும், இரண்டு செல்லிலும் ஓடும்' என்று பெருமையாகப் போடப்படும் டார்ச்சுகள், ஒரு செல்லின் வோல்ட்டிலும் விடாமல் உழைக்கவே வடிவமைக்கப்பட்டவை.

புரண்ட செல்லில் 1 வோல்ட் எதிர்மறையாகவும் 2 ஆம்பியர் ஓட்டமும் இருந்தால், அதற்குள் விழும் வெப்பம் 2 வாட். கேட்க அற்பமாக இருக்கிறது. 17 கிராம் எடையுள்ள பொருளுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 7 டிகிரி. வெப்பம் எங்கும் வெளியேறாது என்று வைத்துக்கொண்ட தோராயம்தான். நிஜத்தில் அலுமினியக் குழாய் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இருந்தாலும் அரை மணி நேரம் தள்ளுவதற்குப் புதுச் செல்லிடம் சரக்கு இருக்கிறது.

சூடு மட்டும்தான் என்றால் கையைச் சுடும், கீழே போட்டுவிடுவோம். உள்ளே வேதியியலும் திசைமாறுகிறது. செல் ஒழுங்காக வேலை செய்யும்போது லித்தியம் தகட்டிலிருந்து கிளம்பும் அயனிகள் மாங்கனீசு டை ஆக்சைடின் படிக அமைப்புக்குள் போய் உட்காரும். அந்த இடங்கள் நிரம்பிய பிறகும் மின்னோட்டம் விடாமல் தள்ளினால், அயனிகள் உட்கார இடமின்றி அந்தப் பக்கத்தின் மேலேயே உலோக லித்தியமாகப் படியத் தொடங்கும். வழவழப்பாகப் படியாது, பாசியாகவும் ஊசியாகவும் வளரும். நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் தாளை ஒரு ஊசி துளைத்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று. சில செல்களில் இடம் நிரம்புவதற்கு முன் லித்தியம் தீர்ந்துபோகும். அப்போது மின்பகுளியே சிதைந்து வாயுவாகும். எந்த வழியில் போனாலும் போய்ச்சேருவது ஒன்றுதான்: சூடும் அழுத்தமும். 180 டிகிரியைத் தாண்டினால் லித்தியம் உருகும். உருகிய லித்தியம், ஆக்சிஜன் அடங்கிய ஆக்சைடு, தீப்பற்றும் கரைப்பான் மூன்றும் ஒரே டப்பாவில் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை.

பிடிசி வளையம் என்ன செய்துகொண்டிருந்தது? அது பார்ப்பது அளவுமீறிய மின்னோட்டத்தையும் சூட்டையும். இங்கே ஓடுவது டார்ச்சின் வழக்கமான மின்னோட்டம்தான், மிஞ்சினால் இரண்டு மடங்கு. குறுக்குச்சுற்றில் பாய்வதுபோல் திடீர் வெள்ளம் இல்லை. வளையத்தின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். செல்லின் மையம் கொதித்து அந்தச் சூடு மூடிவரை வந்து சேரும்போது, அது விழித்துக்கொண்டு பயனில்லை.

மூடியின் துளைகள் திறக்கும் என்பது உண்மை. ஆனால் எங்கே திறக்கும்? தண்ணீர் புகாமல் இருக்க ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய அலுமினியக் குழாய்க்குள். மேசைமேல் கிடக்கும் செல் புஸ்ஸென்று புகை விட்டு அடங்கும் இடத்தில், டார்ச்சுக்குள் இருக்கும் செல் ஒரு அழுத்தக் கலத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. அழுத்தம் எது பலவீனமோ அதை உடைத்துக்கொண்டு போகும்: முன்கண்ணாடி, அல்லது பின்மூடி. பின்மூடியில்தான் சுவிட்ச், சுவிட்ச்மேல்தான் கட்டைவிரல். என்னைக் கேட்டால், வேதியியலைவிட இந்த இறுக்கிய குழாய்தான் பெரிய வில்லன். முக்குளிப்பவர்களுக்கு டார்ச் செய்பவர்கள் இதைப் பல காலமாக அறிவார்கள். அல்கலைன் செல் கசியவிடும் ஹைட்ரஜன், மூடிய விளக்கினுள் சேர்ந்து வெடிக்காமலிருக்க, அதை ஆக்சிஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கும் வினையூக்கி வில்லை ஒன்றை உள்ளே வைக்கிறார்கள். லித்தியம் தீக்கு அப்படி ஒரு வில்லை கிடையாது. வெளியேறும் புகையில் புளோரின் சேர்மங்களும் இருக்கக்கூடும் என்பதால், அதை முகர்ந்து பார்க்கிற ஆர்வமும் வேண்டாம்.

இந்தத் தீயின் குணத்தை விமானத்துறை பட்டுத் தெரிந்துகொண்டது. 1999 ஏப்ரல் 28 அன்று லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில், ஒசாகாவிலிருந்து வந்திறங்கிய லித்தியம் செல் சரக்கு தீப்பிடித்தது. ரீசார்ஜ் ஆகாத வகைச் செல்கள். விமானச் சரக்கறைகளில் தீயணைக்க வைத்திருக்கும் ஹேலான் வாயு இவற்றின்மேல் எடுபடவில்லை என்று பின்னர் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சோதனைகள் காட்டின. 2004 டிசம்பரில், பயணிகள் விமானங்களில் இவற்றைச் சரக்காக ஏற்ற அமெரிக்கா தடை போட்டது.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். கலந்து போட்ட டார்ச்செல்லாம் வெடிப்பதில்லை. பெரும்பாலும் ஒரு செல் அதிகம் சூடாகி, டார்ச் அணைந்து, கதை முடிந்துவிடும். செல்களை ஏற்றுமதி செய்வதற்கு முன் நடத்தவேண்டிய ஐ.நா. சோதனைத் தொகுப்பில், டி8 என்ற பெயரில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. முழுக்கக் காலியான செல்லை 12 வோல்ட் மின்மூலத்தோடு தொடரில் கோத்து, வேண்டுமென்றே துருவத்தைப் புரட்டுவார்கள். ஏழு நாட்களுக்குள் செல் சிதறவோ தீப்பிடிக்கவோ கூடாது. ஒழுங்கான கம்பெனிச் செல் இதில் தேறித்தான் கடைக்கு வருகிறது. சோதனைச் சாலையில் அந்தச் செல் திறந்தவெளியில் கிடக்கிறது, குழாய்க்குள் அடைபட்டிருக்கவில்லை என்பது ஒரு வித்தியாசம். பெயரில்லாத மலிவுச் செல்லும் தேறியதா என்பது இன்னொரு கேள்வி. ஆபத்து அரிது, நேர்ந்தால் கை போகும். இந்த இரண்டையும் சேர்த்து எடைபோட மனித மனம் கொஞ்சம் தடுமாறும். பத்து தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதே பதினோராவது தடவைக்குத் தைரியம் கொடுத்துவிடுகிறது.

'வோல்ட் மீட்டரில் பார்த்துவிட்டுத்தானே போடுகிறேன்' என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். லித்தியம் செல்லின் மின்னழுத்தம் வாழ்நாளின் பெரும்பகுதி ஒரே மட்டத்தில் கிடந்து, கடைசியில் பொத்தென்று விழும். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் பாதி தீர்ந்த செல்லும் மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டி ஏமாற்றும். புதுசு 3.2 காட்டுகிறது, பழசு 3.1 காட்டுகிறது, வித்தியாசம் அற்பம் என்று தோன்றும். கொள்ளளவில் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கலாம். சுமை கொடுத்து, அதாவது சில விநாடி ஒரு ஆம்பியர் இழுக்கவிட்டு அளந்தால்தான் செல் உண்மை பேசும்.

கலப்பு என்றால் பழசு-புதுசு மட்டும் இல்லை. அதே அளவில் ரீசார்ஜ் ஆகும் வகையும் கிடைக்கிறது. 16340 என்று எழுதியிருக்கும். வோல்ட் 3.7, முழுச் சார்ஜில் 4.2, கொள்ளளவு சிஆர்123ஏ-வில் பாதிக்கும் குறைவு. இரண்டையும் ஜோடி சேர்த்தால் எது முதலில் காலியாகிப் புரளும் என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். அதைவிட மோசம், தோற்றம் ஒன்றாக இருப்பதால் சாதா சிஆர்123ஏ-வைச் சார்ஜரில் செருகிவிடுவது. உலோக லித்தியத்தைத் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் ஊசி ஊசியாகத்தான் படியும் என்பதை, 1989-ல் ஜப்பானில் மோலி எனர்ஜியின் செல்கள் கைபேசிகளில் தீப்பற்றியபோது உலகமே பார்த்தது. உலோகத் தகட்டை விட்டுவிட்டு கார்பனுக்குள் லித்தியத்தை ஒளித்துவைக்கும் லித்தியம்-அயான் செல்லை 1991-ல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று எல்லாச் சட்டைப்பையிலும் இருப்பது அதன் வாரிசு.

லித்தியம்-அயான் செல்லும் புரட்டப்படுவதை மன்னிக்காது, ஆனால் பழிவாங்கும் நேரம் வேறு. 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அதன் எதிர்முனைப் பக்கம் மின்சாரத்தைச் சேகரிப்பது மெல்லிய செப்புத் தகடு. செல்லை அடிமட்டத்துக்கும் கீழே காலியாக்கினால் அந்தச் செம்பே கரைந்து மின்பகுளிக்குள் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளே பாலம் போடும். டார்ச்சில் செய்த தப்புக்கு, நடுராத்திரியில் சார்ஜரில் தீ. வாலில் குட்டிச் சுற்றுப்பலகை வைத்த பாதுகாப்புச் செல் என்றால் சுமார் இரண்டரை வோல்ட்டில் தானே துண்டித்துக்கொள்ளும், டார்ச் அணைந்துவிடும். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்து, புது உறை போட்டு, '9900' என்று அச்சிட்டு விற்கும் செல்லில் அந்தப் பலகையும் இருக்காது, அந்த 9900-ம் இருக்காது. நல்ல 18650-யே 3500-ஐச் சுற்றித்தான் நிற்கும். இப்படி உதிரியாக விற்கப்படும் 18650 செல்களை வாங்கவேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. லேப்டாப்பில் இருந்து வந்த எந்த இரண்டு செல்லும் ஒரே தெம்பில் இருக்கும் என்று சொல்லமுடியாது என்பதால், அவற்றை ஜோடி போடுவதே கலப்புதான்.

மூன்று நான்கு செல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கும் குண்டு டார்ச்சுகளில் சில, செல்களைப் பக்க இணைப்பில் கோக்கின்றன. அங்கே துருவம் புரளாது. ஆனால் 4.2 வோல்ட்டில் நிரம்பிய ஒன்றையும் 3 வோல்ட்டுக்கு இறங்கிய ஒன்றையும் சேர்த்தால், மட்டம் வேறுபட்ட இரண்டு தண்ணீர்த் தொட்டிகளைக் குழாய் போட்டு இணைத்த மாதிரிதான். சுவிட்சைத் தொடும் முன்பே பாய்ச்சல் தொடங்கிவிடும். இரண்டின் உள்மின்தடையும் இடைத்தொடர்புகளும் சேர்ந்து 0.1 ஓம் என்றால் முதல் நொடியில் 12 ஆம்பியர். அந்த வேகத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்ள எந்தச் சாதாரணச் செல்லுக்கும் அனுமதி இல்லை.

நான்கு ஏஏ செல் போடும் டார்ச்சில் இன்னொரு வேடிக்கை. இருட்டில் அவசரமாக ஒன்றைத் தலைகீழாகப் போட்டாலும் விளக்கு எரியலாம். மூன்று நேர், ஒன்று எதிர்; ஆறு வோல்ட்டுக்குப் பதில் மூன்று. மங்கலாக எரிகிறதே என்று பயன்படுத்திக்கொண்டிருப்போம், தலைகீழ்ச் செல்லை மற்ற மூன்றும் சேர்ந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். ரீசார்ஜ் ஆகாத செல்லுக்கு அது செய்யக்கூடாத காரியம்.

இவ்வளவுக்கும் கைமருந்து எளிது, புதுசும் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே வகை, ஒரே அட்டையில் வந்த செல்களை ஒன்றாகப் போட்டு, ஒன்றாக எடுக்கவேண்டும். ஜோடியை ரப்பர் பேண்ட் போட்டு வைப்பவர்கள் உண்டு. உறைமேல் மார்க்கரால் தேதி எழுதுபவர்களும் உண்டு. டார்ச் வழக்கத்துக்கு மாறாகச் சுட்டாலோ, கரைப்பான் வாடை வந்தாலோ, மூடியைத் திறந்து பார்க்க முனையாமல் வெளியே மண்ணில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். திறக்கும்போதுதான் முகம் நேரெதிரே இருக்கும்.

டார்ச் செய்பவர்கள் வேறு வழியில் போய்விட்டார்கள். இரண்டு சிஆர்123ஏ-வை வரிசையாக வைத்தால் நீளம் 69 மி.மீ.; ஒரு 18650-யின் நீளம் 65. விட்டத்தில் ஒரு மி.மீ. கூடுதல். குழாயைக் கொஞ்சம் அகலமாகக் குடைந்தால் ஜோடி இருந்த இடத்தில் ஒற்றைச் செல் உட்கார்ந்துவிடுகிறது. எல்இடிக்கு மூன்று வோல்ட் சொச்சமே போதும் என்பதால் ஆறு வோல்ட்டின் தேவையும் போனது. இன்றைய கையடக்க டார்ச்சுகளில் பல ஒற்றை 18650-யிலோ, அதைவிடக் குண்டான 21700-யிலோ ஓடுகின்றன. கூடவே இன்னொரு செல் இல்லாத குழாயில் காலியான செல்லைப் புரட்ட ஆளில்லை.

இழுப்பறையில் கிடக்கும் அந்த 500 மில்லி ஆம்பியர்-மணிக்கும் இதிலேயே வழி இருக்கிறது. ஒரே ஒரு சிஆர்123ஏ-வில் எரியும் சின்ன டார்ச் ஒன்று வாங்கி, அரைகுறையாகத் தீர்ந்த செல்களை அதில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கடைசிச் சொட்டுவரை எரித்துவிடலாம். செத்த பிறகு இரு முனையிலும் செலோடேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடவேண்டும்.